அயோவாவுக்கு வந்த பன்னிருவர்

1955 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெளியான 'டெ மாய்ன் ரெஜிஸ்டர்' நாளிதழில் ஒரு தலையங்கம் வந்தது. எழுதியவர் அதன் தலையங்கப் பகுதி ஆசிரியர் லாரன் சோத். இரு வாரங்களுக்கு முன் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் குருஷேவ் ஆற்றிய உரையைப் படித்துவிட்டு எழுதியிருந்தார். தம் நாட்டில் இறைச்சியும் பாலும் போதவில்லை, கால்நடைத் தீவனம் இல்லாததே காரணம், அமெரிக்கர்களைப் போல நாமும் மக்காச்சோளம் பயிரிட வேண்டும் என்று அந்த உரையில் குருஷேவ் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் ஒரு குழுவை அயோவாவுக்கு அனுப்புங்கள், பன்றியும் மாடும் கோழியும் வளர்ப்பதில் எங்களுக்குத் தெரிந்த எதையும் மறைக்காமல் காட்டுகிறோம், எங்கள் விவசாயிகளும் உங்கள் நாட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்பதே தலையங்கத்தின் சாரம். இந்த யோசனையை இரு அரசுகளும் ஏற்கும் என்ற நம்பிக்கை சோத்துக்கே பெரிதாக இருக்கவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. கொரியப் போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. செனட்டர் மெக்கார்த்தி கண்டிக்கப்பட்டு இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. கம்யூனிஸ்ட் என்ற சொல்லைத் தன் வீட்டு வாசலில் கேட்க அஞ்சிய காலம் அது. மாஸ்கோவிலோ, தலையங்கம் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 8 அன்று, மாலென்கோவ் பிரதமர் பதவியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். உட்கட்சிப் போட்டியில் குருஷேவ் முந்திக்கொண்டிருந்தார். அந்தப் போட்டியில் அவர் கையிலிருந்த ஆயுதங்களுள் ஒன்று மக்காச்சோளம். ஆனாலும் மாஸ்கோ அழைப்பை ஏற்றது. அதிபர் ஐசனோவரும் ஆதரவாகப் பேசினார். 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டார் கைரேகை பதிக்க வேண்டும் என்றொரு தடை இருந்தது; கைரேகை குற்றவாளிகளுக்கு உரியது என்று சோவியத் தரப்பு அதை ஏற்க மறுத்துவந்தது. வரவிருந்த வேளாண் குழுவினரை அரசு அதிகாரிகள் என்று கருதி அந்தச் சிக்கலைக் கடந்தார்கள். அதிகாரிகள் என்ற இந்தச் சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விசாவுக்காகச் சூட்டப்பட்ட பெயர் என்றாலும் அது உண்மையாகவும் இருந்தது.

மக்காச்சோளத்தைப் பற்றி இங்கே சற்று விலகிச் சென்று பேச வேண்டும். மெக்சிகோவில் பிறந்து, கொலம்பஸுக்குப் பின் உலகெங்கும் பரவிய பயிர் இது. போன இடமெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய ஊர்ப்பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. இத்தாலியர்களுக்கு அது துருக்கித் தானியம். நம் மக்காச்சோளத்தில் மெக்காவின் பெயர் ஒலிப்பதாகவே நம்மில் பலரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எவருக்கும் தம் ஊர்ப் பயிராகத் தோன்றாத ஒன்று எல்லா ஊர்களிலும் விளைந்துகொண்டிருக்கிறது. ரஷ்யர்கள் அதைக் குக்குரூசா என்பார்கள். பின்னாளில் குருஷேவுக்கு மக்கள் வைத்த கேலிப்பெயர் குக்குரூஸ்னிக். மக்காச்சோளக்காரர் என்று சொல்லலாம்.

அமெரிக்க வயல்களில் அந்த ஆண்டுகளில் நின்றது பழைய மக்காச்சோளம் அன்று, வீரிய ஒட்டு ரகம். ஒரு வகையைத் தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை சூல்கொள்ள வைத்து நலிந்த தூய வழிகளை உண்டாக்குகிறார்கள். அப்படிப்பட்ட வழிகளைத் தம்முள் இணைத்தால் பிறக்கும் முதல் தலைமுறை வியப்பூட்டும் வீரியத்தோடு எழுகிறது. அந்த வீரியம் அடுத்த தலைமுறையில் குன்றிவிடும். ஆகவே விவசாயி தன் களத்து மணியை விதையாக எடுத்துவைக்க இயலாது. ஆண்டுதோறும் வாங்க வேண்டும். 1926இல் அயோவாவில் இதற்கென்றே ஒரு விதை நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹென்றி வாலஸ். பின்னர் ரூஸ்வெல்ட் அரசில் வேளாண் துறைச் செயலராகவும் 1941 முதல் 1945 வரை துணை அதிபராகவும் இருந்தவர்.

ரஷ்யாவுக்கு இந்த அறிவியல் புதிது அன்று. அங்கே நிகோலாய் வாவிலோவ் இருந்தார். உலகின் பயிர்களெல்லாம் எங்கே தோன்றின என்று தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தவர். 1921 தொடங்கி அமெரிக்காவுக்கும் மீண்டும் மீண்டும் சென்று வந்தவர். லெனின்கிராடில் உலகின் மிகப் பெரிய விதைச் சேகரிப்பு ஒன்றை உருவாக்கியவர். 1940இல் கைது செய்யப்பட்டு 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் மாண்டார். அவரை வீழ்த்தி மேலெழுந்த லைசென்கோவின் காலத்தில் மரபியலே முதலாளித்துவப் பொய் என்று தூற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டின் வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தோடு அதைக் கற்பிப்பதும் நின்றது. தூய வழிகளைப் பேணி ஒட்டுவிதை உண்டாக்கும் முறை லைசென்கோவின் பள்ளிக்கு உவப்பானதாக இல்லை. 1955இல் அயோவாவுக்கு வந்த குழு, தம் நாட்டில் மௌனமாக்கப்பட்ட ஓர் அறிவின் விளைச்சலைப் பிற நாட்டு வயல்களில் பார்க்க வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த ஆண்டு ஜூலை மாதம் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் எல்லை கடந்தன. ஐசனோவர், புல்கானின், குருஷேவ் முதலியோர் ஜெனீவாவில் கூடிப் பேசிய நாள்களும் அவையே. சோவியத் குழுவில் பன்னிரண்டு பேர். தலைவர் விளாதிமிர் மாட்ஸ்கேவிச், வேளாண் அமைச்சகத்தின் உயர் பொறுப்பிலிருந்தவர். அமெரிக்கக் குழுவிலும் பன்னிரண்டு பேர். நெப்ராஸ்கா பல்கலைக்கழக வேளாண் கல்லூரியின் முதல்வர் வில்லியம் லாம்பர்ட் தலைமை தாங்கினார். சோத்தும் அதில் இருந்தார். அழைப்பை எழுதியவர், விருந்தினர் தம் ஊருக்கு வரும் வேளையில், அவர்கள் நாட்டில் விருந்தினராக இருந்தார்.

அயோவாவில் நடந்ததைத் திருவிழா என்றே சொல்ல வேண்டும். சோவியத் குழுவின் வண்டிகளுக்குப் பின்னால் செய்தியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நீண்ட வரிசையாகத் தொடர்ந்தார்கள். பன்றிப் பட்டியில் ஓர் அயல்நாட்டார் குனிந்தால் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே குனிந்தது. ரஷ்யர்களைக் கண்டதும் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அடுக்களை மேசையில் இடம் போட்டார்கள். பசுக்களின் கறவைக் கணக்கைக் காட்டினார்கள். வந்தவர்களோ ஓயாமல் குறிப்பெடுத்தார்கள். ஒரு பன்றியை விற்பனை எடைக்குக் கொண்டுவர எவ்வளவு தீவனம், எத்தனை மணி நேர வேலை, இத்தனை ஏக்கரை இரண்டே ஆண்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பவையே அவர்களுடைய கேள்விகள். கடைசிக் கேள்வியே அவர்களை மிகவும் உறுத்தியிருக்க வேண்டும். சோவியத் கூட்டுப்பண்ணைகளில் அதே அளவு நிலத்தில் எத்தனையோ மடங்கு ஆள்கள் உழைத்தார்கள். உக்ரைனையும் சைபீரியாவையும் சுற்றி வந்த அமெரிக்கக் குழுவின் கண்ணிலும் முதலில் பட்டது அந்த ஆள் பெருக்கம்தான். அதிலும் வயலில் நின்ற பெண்களின் தொகை. போரில் மாண்ட ஆண்களின் இடத்தில் நின்ற பெண்கள் அவர்கள்.

அமெரிக்கர்கள் எதையும் மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் தாமாக எடுத்துக் காட்டாத ஒன்றும் இருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க அரசின் கிடங்குகளில் விற்க வழியில்லாத கோதுமையும் மக்காச்சோளமும் வெண்ணெயும் மலைபோல் குவிந்திருந்தன. விலை வீழ்ந்துகொண்டிருந்தது. உபரியை வெளிநாடுகளுக்குத் தள்ளிவிட 1954இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1956 ஒப்பந்தத்துக்குப் பின் நம் நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்த பி.எல். 480 கோதுமை அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். விளைச்சல் போதாமல் தவித்தவர்கள் விளைச்சல் மிகுந்து தவித்தவர்களிடம் பாடம் கேட்க வந்திருந்தார்கள்.

ராஸ்வெல் கார்ஸ்ட் இக்கதையில் நுழைவது இந்த இடத்தில். கூன் ராப்பிட்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர், 1898இல் பிறந்தவர், உரத்த குரலும் பொறுமையின்மையும் கொண்டவர், பிறவி வியாபாரி. வாலஸின் ஒட்டுவிதையை உற்பத்தி செய்து விற்கும் உரிமையை 1930இல் பெற்றுச் சார்லி தாமஸ் என்பவரோடு நிறுவனம் தொடங்கினார். அது பெருமந்தக் காலம். விதைக்குக் காசு கொடுக்க விவசாயிகளிடம் எதுவும் இல்லை. கார்ஸ்ட் ஓர் உத்தி செய்தார். என் விதையை உன் வயலின் ஒரு பாதியில் போடு, மறுபாதியில் உன் பழைய விதையைப் போடு, என் விதை கூடுதலாகத் தரும் விளைச்சலில் பாதியை மட்டும் எனக்குக் கொடு என்றார். விவசாயிக்கு இழப்பு இல்லை. தன் வயலில், தன் கண்முன், ஒரே மழையில், இரண்டு பாதிகளையும் அவன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சோவியத் குழுவின் பயணத் திட்டத்தில் கார்ஸ்டின் பண்ணை இல்லை. இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒட்டுவிதை உற்பத்தியைப் பார்க்காமல் திரும்புவதா என்று அவர் துடித்தார். மாட்ஸ்கேவிச்சைப் பிடித்து, வகுத்துவைத்த நிகழ்ச்சிகளிலிருந்து பிரித்து, கூன் ராப்பிட்ஸுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். விதை பதப்படுத்தும் ஆலையும், மணி உதிர்த்த கதிர்க்கட்டையைக்கூட வீணாக்காமல் மாட்டுத் தீவனமாக்கும் முறையும் மாட்ஸ்கேவிச்சைக் கவர்ந்தன. அந்த இலையுதிர் காலத்திலேயே கார்ஸ்ட் சோவியத் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். கருங்கடற்கரையில் குருஷேவைச் சந்தித்தார். ஐந்தாயிரம் டன் ஒட்டுவிதைக்கு விற்பனை பேசி முடித்துத் திரும்பினார். அந்தச் சந்திப்பைப் பற்றிக் கார்ஸ்ட் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அணுகுண்டின் ரகசியத்தைச் சில வாரங்களில் தெரிந்துகொண்ட உங்களுக்கு, எங்கள் வேளாண்மை பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எப்படி என்று இவர் கேட்டாராம். குண்டைப் பூட்டி வைத்தீர்கள், அதனால் தேடி எடுத்தோம். இலவசமாகத் தருகிறோம் என்றிருந்தால் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டோம் என்று குருஷேவ் பதில் சொன்னாராம். கார்ஸ்ட் சொன்னது என்பதால் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனாலும் இருவர் குணத்துக்கும் பொருந்திய உரையாடல்.

இதுவரை சொன்னது, வரலாற்றுப் புத்தகங்கள் பனிப்போரின் இனிய இடைவேளை என்று குறித்துச் செல்லும் பகுதி. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு செய்தி.

கூன் ராப்பிட்ஸ் அமைந்த மாவட்டத்தை அடுத்தது கிரீன் மாவட்டம். பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அங்கே இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகளிடம் வீடு வீடாகச் சென்று, ஒட்டுவிதையை எப்போது முதலில் கேள்விப்பட்டீர்கள், எப்போது விதைத்தீர்கள், யார் சொல்லி நம்பினீர்கள் என்று விசாரித்து 1943இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் இருவர் நீங்கலாக அனைவரும் 1928க்கும் 1941க்கும் இடையே ஒட்டுவிதைக்கு மாறியிருந்தார்கள். மாறுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதே இதில் கவனிக்க வேண்டியது. விதை வியாபாரியிடம் முதலில் கேள்விப்பட்டார்கள். ஆனால் நம்பியது பக்கத்து வயல்காரனை. நல்ல விளைச்சலைக் கண்ட பிறகும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. முதலாண்டு வயலின் ஒரு மூலையில் போட்டார்கள், அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம், பிறகு பாதி, பிறகு முழுதும். (இந்த ரயன்தான் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்து, இலங்கையின் சாதியமைப்பைப் பற்றி 1953இல் நூல் வெளியிட்டவர். அயோவாவில் விதையைப் பின்தொடர்ந்தவர் கண்டியில் சாதியைப் பின்தொடர்ந்தார் என்பது ஆய்வுலகின் விசித்திரங்களில் ஒன்று.)

சோவியத் கணக்கை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1954இல் சோவியத் ஒன்றியம் முழுதும் மக்காச்சோளம் பயிரான பரப்பு ஏறத்தாழ 43 லட்சம் ஹெக்டேர். 1955இல் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம். ஒரே ஆண்டில் நான்கு மடங்கு. ஜனவரியில் உரை, வசந்தத்தில் விதைப்பு. பன்னிருவரும் மூட்டை கட்டிய ஜூலையில் அந்த மக்காச்சோளம் சோவியத் மண்ணில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பார்த்துத் தெரிந்து, பிறகு முடிவு செய்வதற்காக நடந்த பயணம் அன்று இது. முடிவு முன்னரே எடுக்கப்பட்டு, உத்தரவு கிராமங்களுக்குப் போய்ச்சேர்ந்து, விதையும் மண்ணில் விழுந்த பிறகு, அதை எப்படிச் செய்வது என்று கேட்கக் கிளம்பியது. கேள்வியைச் சுமந்து செல்லும் யாத்திரை வேறு. விடையைச் சுமந்து சென்று அதற்குச் சான்று தேடும் யாத்திரை வேறு.

போனவர்கள் யார் என்பதும் இதோடு சேர்ந்தது. அமைச்சகத்தாரும் நிறுவனத் தலைவர்களும் போனார்கள். அவர்கள் குறிப்பேடுகளில் எழுதிய தீவனக் கணக்கும் இயந்திர அளவும் தவறில்லாதவை என்றே நினைக்கிறேன். ஆனால் அயோவா விவசாயியின் கையிலிருந்த முதன்மையான கருவி குறிப்பேட்டில் ஏறக்கூடியது அன்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம், ஒரு மூலையில் மட்டும் போடுகிறேன் என்று கார்ஸ்டின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தன் பழைய விதையைத் தூவ அவனால் முடிந்தது. அதைச் சொல்ல முடியாத ஊர்களுக்குத்தான் அந்த ஐந்தாயிரம் டன் விதை கப்பலேறியது. 1932இல் ஸ்டாலின் கொண்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையில் கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குப் பொதுவாகச் சீட்டே கிடையாது. பண்ணையின் அனுமதியில்லாமல் நகரத்துக்குக் குடிபெயர இயலாது. அவர்கள் பெயரால் பன்னிரண்டு பேர் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அவர்களால் தம் மாவட்டத் தலைநகருக்குக் குடிபோக முடியாதிருந்தது.

மேலும் அயோவா இருப்பது 42 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி. கோடை வெப்பம் மிக்கது, மழையும் தாராளம், இரவும் புழுங்கும். மாஸ்கோ 55 பாகைக்கும் வடக்கே. உக்ரைனின் தென்பகுதியிலும் மால்டோவாவிலும் காகசஸின் வட சமவெளியிலும் மக்காச்சோளம் நன்றாகவே வந்தது. குருஷேவ் முற்றிலும் தவறு செய்தார் என்று எழுதுவது அநியாயம். மணி முற்றாத வடக்கிலும் பச்சையாக வெட்டி சைலேஜ் என்னும் ஊறுகாய்த் தீவனமாக்கலாம் என்று அவர் சொன்னதிலும் ஓரளவு பொருள் இருந்தது. ஆனால் மாகாணச் செயலாளர்கள் மாஸ்கோவின் மனம் குளிரப் பரப்பைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வயல்களின் அரசி என்று சுவரொட்டிகள் புகழ்ந்தன. 1957இல் மக்காச்சோளத்தை நாயகியாக்கி ஒரு கேலிச்சித்திரப் படமே வெளிவந்தது. 1962இல் பரப்பு 3 கோடியே 70 லட்சம் ஹெக்டேரைத் தொட்டது. சோவியத் நாடு இதழின் வழவழப்பான தாளில் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்ட தலைமுறையின் கடைக்குட்டி நான். கதிர் அறுக்கும் இயந்திரத்தின்மேல் நின்று சிரிக்கும் அந்த முகங்களை வகுப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார் சொல்லி அதை விதைத்தார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

கார்ஸ்ட் மீண்டும் மீண்டும் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். ஒருமுறை ஒரு கூட்டுப்பண்ணையில் உரமிடாமலே மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று உரக்கச் சண்டை போட்டாராம். இதைக் குருஷேவ் தம் நினைவுக்குறிப்புகளில் ரசித்துச் சொல்கிறார். இந்த முதலாளி எங்கள் விளைச்சலுக்காக இப்படிக் கோபப்படுகிறார், எங்கள் ஆள்கள் வாளாவிருக்கிறார்களே என்ற தொனி அதில் இருக்கிறது. குருஷேவ் அதைத் தம் ஆள்களின் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார். சோம்பலா, அல்லது தன் பயிரெனக் கருத முடியாத ஒன்றின் முன் உழவன் காட்டும் அலட்சியமா என்று கேட்டிருந்தால் அயோவாப் பயணத்தின் பாடத்துக்கு அவர் மிக அருகில் வந்திருப்பார்.

1959 செப்டம்பர் 23 அன்று குருஷேவே கூன் ராப்பிட்ஸுக்கு வந்தார். அன்று கார்ஸ்ட், மறித்துக்கொண்டு நின்ற செய்தியாளர் கூட்டத்தின்மேல் கைகைகளாகச் சைலேஜை அள்ளி வீசினார். நியூ யார்க் டைம்ஸின் ஹாரிசன் சாலிஸ்பரிக்கு ஓர் உதையும் கிடைத்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தப் படத்தை வெளியிட்டன. பார்த்துச் சிரிக்கத் தக்க காட்சிதான். ஆனால் அதே ஆண்டில் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ரியாசான் மாகாணத்தில் நடந்துகொண்டிருந்ததை யாரும் படமெடுக்கவில்லை.

இறைச்சியிலும் பாலிலும் சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவை எட்டிப்பிடிப்போம் என்று 1957 மே மாதம் குருஷேவ் அறிவித்திருந்தார். ரியாசான் கட்சிச் செயலாளர் அலெக்சேய் லாரியோனோவ், தம் மாகாணத்தின் இறைச்சிக் கொள்முதலை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்குவதாக 1959 ஜனவரியில் வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்ற மாகாணத்தின் இறைச்சிக் கால்நடைகள் வெட்டப்பட்டன. அவை தீர்ந்தபின் கறவை மாடுகள். பிறகு குடியானவர்களின் கொல்லையில் நின்ற சொந்த மாடுகள். அதற்குப் பின் அண்டை மாகாணங்களில் விலைக்கு வாங்கிக் கணக்கில் ஏற்றினார்கள். ஆண்டு முடிவில் வெற்றி அறிவிக்கப்பட்டது. லாரியோனோவ் சோசலிச உழைப்பின் வீரர் ஆனார். அடுத்த ஆண்டு தொழுவங்களில் எதுவும் மிஞ்சவில்லை. உண்மை வெளிவந்து பதவி பறிபோனது. 1960 செப்டம்பரில் அவர் இறந்தார். தற்கொலை என்றே நம்பப்படுகிறது. ரியாசானின் வெற்று மாட்டுக்கொட்டகைகளுக்கும் அயோவாவின் நிறைந்த பட்டிகளுக்கும் நேரடித் தொடர்பு எதையும் நான் கற்பிக்க விரும்பவில்லை. பன்னிருவரின் குறிப்பேடுகளில் ஏறிய எண்கள், எட்டிப்பிடிக்க வேண்டிய எண்களாக மாறி, ஒரு மாகாணத்தின் கழுத்தில் வந்து விழுந்தன என்று மட்டும் சொல்லலாம்.

1962 ஜூன் 1 அன்று சோவியத் அரசு இறைச்சி விலையை முப்பது விழுக்காடு உயர்த்தியது. நோவோசெர்காஸ்க் நகரத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள் துப்பாக்கிச்சூட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களைப் பற்றி நாட்டு மக்கள் பல பத்தாண்டுகள் கழித்தே அறிந்தார்கள். 1963இல் விளைச்சல் பொய்த்துக் கனடாவிடமும் அமெரிக்காவிடமும் தானியம் வாங்க நேர்ந்தது. 1964 அக்டோபரில் குருஷேவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் போனதும் மக்காச்சோளப் பரப்பும் விரைந்து சுருங்கியது. நன்றாக விளைந்த தென்பகுதிகளில் அது நிலைத்தது.

காட்டியவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1950இல் அயோவாவில் ஏறத்தாழ 2 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 87 ஆயிரம். இத்தனை ஏக்கரை இரண்டே பேர் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ரஷ்யர்கள் வியந்த அந்தத் திறனே, பின்னர் பண்ணைக் குடும்பங்களை ஊரைவிட்டு வெளியேற்றியது. 1985 வசந்தத்தில் சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து ஐவர் குழுவொன்று வேளாண்மையைப் பார்த்துச் செல்ல அயோவாவுக்கு வந்தபோது, மாநிலம் கடன் நெருக்கடியில் மூழ்கியிருந்தது. பண்ணைகள் ஏலம் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குழுவின் தலைவர் மஸ்கடீன் என்ற ஆற்றோர நகரில் ஒரு குடும்பத்தின் வீட்டில் இரண்டு இரவு தங்கினார். ஒரு மாவட்டத்தின் கட்சிச் செயலாளராக இருந்த அவருக்கு அப்போது வயது 31. பெயர் ஷி ஜின்பிங். 2012இல் துணை அதிபராக வந்தபோது அந்த ஊரைத் தேடிச்சென்று பழைய நண்பர்களோடு அமர்ந்து பேசினார். 2018இல் அவருடைய அரசு அமெரிக்கச் சோயா மொச்சைக்கு விதித்த 25 விழுக்காடு வரி அயோவா விவசாயிகளைக் கடுமையாகத் தாக்கியது. விருந்தோம்பல் தனி, கொள்கை தனி.

மாட்ஸ்கேவிச்சின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அயோவாவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் அவர் வேளாண் அமைச்சரானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், வேளாண்மை தள்ளாடத் தொடங்கியபோது, குருஷேவ் அவரை நீக்கிக் கசகஸ்தானின் தரிசு நிலப் பகுதிக்கு அனுப்பினார். குருஷேவ் வீழ்ந்த பிறகு 1965இல் மீண்டும் அமைச்சராகி 1973 வரை நீடித்தார். கூட்டுப்பண்ணைக் குடியானவர்கள் உட்பட நாட்டு மக்கள் எல்லோருக்கும் உள்நாட்டுக் கடவுச்சீட்டு வழங்கலாம் என்ற தீர்மானம் 1974 ஆகஸ்டில்தான் வந்தது. சீட்டு வழங்கும் வேலை 1976இல் தொடங்கி 1981 வரை நடந்தது. அந்தத் தீர்மானம் வந்தபோது மாட்ஸ்கேவிச் மாஸ்கோவில் இல்லை; செக்கோஸ்லோவாகியாவுக்குத் தூதராகப் போயிருந்தார்.